கால்வாய்க் கரையில் ஒரு காலை

இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலே பறவைகளின் வலசையைப் பற்றிக் கற்பித்து வருகிறோம். கரும்பலகையில் உலகப்படம் கீறி, அம்புக்குறிகளும் இட்டிருக்கிறோம். ஆயின், "வலசைப் பறவையைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா, சேர்?" என்று மாணவனொருவன் வினவியபோது, இல்லையென்று சொல்ல வெட்கமாயிருந்தது.

அக்குறை ஒரு மே மாதத்தில் நீங்கியது. வாஷிங்டனில் வதியும் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். விடியுமுன் எம்மை எழுப்பி, செசப்பீக்-ஒகாயோ கால்வாய்க் கரைக்கு அழைத்துச் சென்றான்.

1828இல் வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், 1850இல் கம்பர்லந்து நகரை எட்டியது. நீளம் 184½ மைல். நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து இழுத்தன. 1924இல் வந்த வெள்ளத்தோடு படகுகள் நின்றன. கழுதைகளின் பாதை மனிதரின் நடைபாதையாயிற்று. ஒருபுறம் கால்வாய், மறுபுறம் பொற்றோமாக் ஆறு. நீரும் நிழலும் தளிர்தின்னும் புழுக்களும் நிறைந்த இவ்விடத்தை, இரவெல்லாம் பறந்து களைத்த கதிர்க்குருவிகள் விடியலில் நாடி இறங்குகின்றன.

அவற்றைக் காண முதலில் வேண்டியது காது, பின்னரே கண். பாட்டு வந்த திசையில் அசையும் இலையை நோக்கவேண்டும். கழுத்து நொந்ததேயன்றி, ஒரு மணிநேரம் எதுவும் அகப்படவில்லை. பின்னர், பட்டமரப் பொந்தொன்றின் வாயிலில் பொன்மஞ்சள் நிறக் குருவியொன்று வந்தமர்ந்தது. சிறகு நீலச்சாம்பல். புறதோனோற்றரி என்பது அதன் பெயர். நிறை ஏறக்குறைய 14 கிராம். கொலம்பியா முதலிய நாடுகளின் கண்டற்காடுகளில் குளிர்காலத்தைக் கழித்து, கூடுகட்ட வந்த குருவி அது! அம்புக்குறிக்கு உயிர் வந்தாற்போலிருந்தது.

இப்பாதை தானாக நிலைத்ததன்று. இதனை மோட்டார் வீதியாக்க முற்பட்டபோது, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் ஆதரித்து எழுதியது. உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ், தம்மோடு நடந்து பார்த்தபின் எழுதுமாறு ஆசிரியரை அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லந்திலிருந்து நடை தொடங்கியது. முழுத்தூரமும் நடந்தோர் ஒன்பதின்மரே. ஆயினும் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

பாதை பிழைத்தது, பறவைகளோ குறைகின்றன. 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதென 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

கதிர்க்குருவிக்காகக் கடல் கடக்கவேண்டியதில்லை என்பதையும் அங்குதான் உணர்ந்தோம். இமயத்துக் கதிர்க்குருவிகள் ஆண்டுதோறும் எமது தீவிற்கு வந்து, சித்திரையளவில் மீளுகின்றன. எம் தலைக்குமேலே பாடியவற்றை இத்தனை காலமும் கேளாதிருந்தோம்! அடுத்த பருவத்தில் அம்மாணவனையும் அழைத்துக்கொண்டு, விடியலில் புறப்படுவதாக எண்ணியிருக்கிறோம். அன்று கரும்பலகைக்கு ஓய்வு.