கொமிலாவில் தங்கிய உத்தியோகஸ்தர்

கிராமாபிவிருத்திக்குச் சர்க்கார் ஒதுக்கும் பணத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், அந்தப் பணத்தைக் கொண்டு காரியம் செய்ய வேண்டிய உத்தியோகஸ்தர் ஒரு வட்டாரத்தில் எத்தனை காலம் தங்குகிறார் என்பதை யோசிப்பது அபூர்வம். எந்த வாய்க்கால் யாருடைய ஆக்கிரமிப்பால் தூர்ந்தது, சங்கத்துக் கடன் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அவருக்குப் பிடிபடத் தொடங்கும் சமயத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. இந்த வழக்கம் நீடிக்கும் வரையில், எத்தனை புதுத் திட்டங்கள் வகுத்தாலும் விசேஷப் பலன் விளையாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு அத்தாட்சியாக அக்தர் ஹமீத் கானின் வாழ்க்கையைச் சொல்லலாம். 1914-ல் ஆக்ராவில் பிறந்து, ஐ.சி.எஸ். பதவி பெற்று வங்காளத்தில் பணியாற்றிய அவர், 1943-ஆம் வருஷத்து க்ஷாமத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்ததையும், அன்றைய ஆட்சி அதைக் கையாண்ட விதத்தையும் கண்டு மனம் வெதும்பி, அந்தப் பெரிய பதவியைத் துறந்துவிட்டு, அலிகாருக்கு அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் உழைத்தார். பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானில் கொமிலா விக்டோரியா கல்லூரியின் தலைவரானார். 1959-ல் அந்நகரில் கிராம முன்னேற்றப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டபோது அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அதிகாரிகளைப் பயிற்றுவதற்கென்று தோன்றிய அந்த ஸ்தாபனம், பக்கத்துக் கிராமங்கள் அடங்கிய, தாணா என்னும் ஒரு நிர்வாக வட்டாரம் முழுவதையும் தன் பரிசோதனைக் களமாக்கிக்கொண்டது.

அவர் செய்தவற்றுள் மிகவும் போற்றத்தக்கது, குடியானவனுக்குக் கற்பிக்க வெளியாளை அனுப்பாததே. கிராமத்துச் சங்கத்தார் தங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தாங்களே பொறுக்கி எடுப்பார்கள். அவர் வாரந்தோறும் கொமிலாவுக்குப் போய், நாற்றை வரிசையாக நடும் முறையையும், உரமிடும் அளவையும், கணக்கு எழுதும் விதத்தையும் கற்றுவந்து, வாராந்தரக் கூட்டத்தில் அண்டை அயலாருக்கு எடுத்துச் சொல்வார். அதே கூட்டத்தில் ஒவ்வொரு அங்கத்தினரும் தம்மால் இயன்ற சில்லறையைச் சேமிப்பாகச் செலுத்துவார். வட்டிக் கடைக்காரனிடமிருந்து மீள அந்தச் சில்லறையே முதல் உபாயமாயிற்று. சிதறிக் கிடந்த இலாகா அதிகாரிகளெல்லாம் தாணாவின் ஒரே பயிற்சி மையத்தில் அமர்த்தப்பட்டார்கள். வடிகால்களும் சாலைகளும் கிராமத்துக் கமிட்டிகளின் பொறுப்பிலேயே வெட்டப்பட்டன. பம்புகளும் குழாய்க் கிணறுகளும் வந்தபின், மழையற்ற மாதங்களில் தரிசாய்க் கிடந்த வயல்களிலும் நெல் விளைந்தது.

இதே முறையை நாடெங்கும் அவசரமாகப் பரப்பியபோது வசதி படைத்தவர்கள் சங்கங்களைக் கைப்பற்றினார்கள் என்பதையும், கடன்கள் திரும்பாமற்போயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முறையில் குறையே இல்லையென்று நான் வாதாடவில்லை. ஆனால் கொமிலாவுக்குக் கிடைத்த நிதானமும் இடைவிடாத மேற்பார்வையும் மற்ற இடங்களுக்குக் கிடைக்கவில்லை.

நெடுங்காலம் ஓரிடத்தில் இருக்கும் அதிகாரி உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் வலையில் விழுவார் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. உள்ளூர்ப் பெரிய மனிதருக்கு மாற்றல் கிடையாது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். புதிதாக வந்து இறங்கும் அதிகாரிக்கு ஊர் நிலவரம் சொல்ல முதலில் வந்து நிற்பவர் அவர்தான்; வேறு யாரையும் அறியாத அதிகாரி அவர் சொல்லையே பிரமாணமாகக் கொள்ள நேர்கிறது. கடைசி வீட்டுக் குடியானவனின் பெயர் தெரியும்வரை தங்கியவருக்கே அந்தப் பிடியிலிருந்து விலகி நிற்கும் சக்தி பிறக்கும்.

1963-ல் மகசேசே விருது பெற்ற கான், 1971-ல் கிழக்கு வங்காளம் தனி நாடானபோது கொமிலாவை விட்டகன்றார். ஆயினும் 1980-ல், அறுபத்தைந்து வயதுக்கு மேல், கராச்சியின் ஒராங்கிக் குடியிருப்பில் புகுந்து, சந்து சந்தாக ஜனங்களைக் கூட்டி, அவர்கள் சொந்தச் செலவிலேயே கழிவுநீர்க் குழாய் பதிக்கச் செய்தார்.

நம் வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் ஒரே ஒன்றியத்தில் ஐந்தாண்டுகளேனும் நிலையாக இருக்க உத்தரவாதம் அளிக்கப்பட வேண்டும்; பதவி உயர்வு பெறும் தகுதியுள்ளவர் அங்கேயே நீடிக்க விரும்பினால், உயர்ந்த சம்பளத்தையும் அந்தஸ்தையும் அவ்விடத்திலேயே வழங்கும்படி விதிகளைத் திருத்த வேண்டும்.