கப்பல் ஏறாத தோட்டப் பிள்ளைகள்: பெயர்களை இப்போதாவது எழுதி வைப்போம்

கூலாய் – காஸா போரில் காயமடைந்தவர்களும் அவர்களின் உறவினர்களுமாக 127 பாலஸ்தீனர்கள், 2024 ஆகஸ்டில் மலேசியாவுக்கு அழைத்து வரப்பட்டனர். போர் மூண்டால் யாருடைய பிள்ளையை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி அப்போது மீண்டும் எழுந்தது. கூலாய் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருக்கு அது புதிய கேள்வி அல்ல.

1940-இல் ஜெர்மனியின் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 2,664 பிள்ளைகளைக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கப்பலேற்றியது. அங்குள்ள குடும்பங்கள் அவர்களை வளர்த்தன. அதே ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி 'சிட்டி ஆஃப் பனாரஸ்' கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அத்திட்டத்தின் கீழ் சென்ற 90 பிள்ளைகளில் 77 பேர் மாண்டனர். அதோடு திட்டமும் நிறுத்தப்பட்டது. ஆனால் மாண்டவர் யார், பிழைத்தவர் யார் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது.

மலாயாவில் நடந்தது வேறு. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். 1942 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கின. நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் செல்லும் கூலாய் வட்டாரத்தில், லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை.

அடுத்து வந்தது சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாவிலிருந்து 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டப் பாட்டாளிகள். சிலர் பிள்ளைகுட்டிகளோடு போனார்கள். அப்பா திரும்பாத வீடுகளில் மரவள்ளிக் கிழங்கே சோறானது. அநாதையான பிள்ளைகளைச் சித்தியோ, அத்தையோ, அடுத்த லயத்துக் குடும்பமோ வளர்த்தது. அவர்களை வளர்க்கச் சொல்லி எந்த அரசும் திட்டம் தீட்டவில்லை.

மாண்டவர் எண்ணிக்கையைச் சிலர் 30 ஆயிரத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். சிலர் 40 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். இடையில் நிற்கும் அந்தப் பத்தாயிரம் பேரும் யாரோ ஒருவரின் பிள்ளைகள், யாரோ ஒருவரின் பெற்றோர். அவர்களின் பெயர்களை முறையாக எழுதி வைக்காததால்தான், இன்றும் கணக்கு இப்படி இழுபறியாக நிற்கிறது.

1942-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. பல தோட்டங்கள் தாமான்களாக மாறிவிட்டன. லயங்களோடு அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளும் சிதறிவிட்டன. இனி அரசு செய்யட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

வீட்டில் பெரியவர் இருந்தால், கைப்பேசியில் பதிவு செய்ய ஐந்து கேள்விகள் போதும்: எந்தத் தோட்டம்? வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார்? திரும்பியவர் யார்? போனவரின் பிள்ளைகளை வளர்த்தவர் யார்? அவர்கள் இப்போது எங்கே? கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும் கைகோத்தால், வட்டாரத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியலாவது தேறும். அதன் ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க முயலலாம்.

கப்பலேறிய பிள்ளைகளுக்குப் பட்டியல் எழுத ஓர் அரசு இருந்தது. தோட்டப் பிள்ளைகளுக்கு அதை எழுத நாம்தான் இருக்கிறோம்.