சென்சார்கிட்ட பொய் சொல்லாதீங்க!

முதல்லயே சொல்லிடறேன், இது காரை அலங்காரம் பண்றவங்களைத் திட்டற பதிவு இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுங்க, சீட் கவர் மாத்துங்க, டாஷ்போர்டுல பிள்ளையார் வைங்க, யார் கேக்கப் போறா? ஆனா ஏர் சஸ்பென்ஷன் இருக்கற மின்சாரக் காரை வெளிக்கடைல குடுத்து இன்னும் கீழ இறக்கிட்டு வர்றாங்களே, அவங்களைத்தான் இன்னிக்குத் திட்டப் போறேன்.

புனேல எங்க குடியிருப்புல ஒரு தமிழ்ப் பையன். ஐ.டி. வேலை, நல்ல சம்பளம், நல்ல பையன். மூணு வருஷம் ஓடின சொகுசு மின்சாரக் கார் ஒண்ணை லோன் போட்டு வாங்கினான். ரெண்டாவது மாசமே, "அங்கிள், 40 மில்லிமீட்டர் இறக்கிட்டேன், பாருங்க எப்படி நிக்குதுன்னு" அப்படின்னான். பாத்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் நுழையாது. அழகாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"எப்படிடா இறக்கினே?"

"ரொம்ப சிம்பிள் அங்கிள். நாலு கம்பி, அரை நாள் வேலை."

அந்த நாலு கம்பி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. இந்த மாதிரி கார்கள்ல இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா ஒவ்வொரு சக்கரத்துலயும் காத்து அடைச்ச ரப்பர் பை. ஒரு கம்ப்ரெசர் காத்து ஏத்தும், வால்வு காத்தை இறக்கும். வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு சொல்ல சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சென்சார். அந்த சென்சாரை சஸ்பென்ஷனோட இணைக்கறது ஒரு சின்னக் கம்பி. வெளிக்கடைக்காரர் அந்தக் கம்பியை வேற நீளத்துல மாத்திடறார். வண்டி சரியான உயரத்துல நிக்கும்போதே சென்சார், "ஐயோ, ரொம்ப மேல இருக்கு"ன்னு தகவல் அனுப்பும். கம்ப்யூட்டரும் நம்பி காத்தைத் திறந்துவிடும். வண்டி அமுங்கும். டிஸ்பிளேல மட்டும் எல்லாம் நார்மல்!

இருபது வருஷமா பேங்க்ல இதே கதையைப் பாத்துட்டு இருக்கேன். குடோன்ல இருக்கறது 40 லட்சம் சரக்கு, ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல 60 லட்சம். நாங்களும் பேப்பரை நம்பித்தான் பணம் குடுப்போம். கணக்கு கச்சிதமா டேலி ஆகும், ஒரு நாள் குடோனைத் திறக்கற வரைக்கும்.

பையன் சும்மா இல்லை, வாதாடினான். ஒவ்வொண்ணா வர்றேன்.

"கம்பெனியே இறக்குது அங்கிள், ரேஞ்சு கூடும்." கம்பெனி இறக்கறது உண்மைதான். 2021-ல இந்தியாவுக்கு வந்த ஆடி இ-ட்ரானையே எடுத்துக்கோங்க. அதோட உயரம் மொத்தம் 76 மில்லிமீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். அதுல நார்மலுக்குக் கீழ போறது 26 மில்லிமீட்டர்தான், அதுவும் வேகமாப் போகும்போது. மிச்சம் 50-ம் மேல ஏத்தறதுக்கு! காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல கூடும். ஹைவேல அதைக் குறைச்சா லாபம் உண்டு. ஹிஞ்சவடி சிக்னல்ல 20 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்துட்டு என்ன ரேஞ்சு மிச்சம் பிடிக்கப் போறீங்க?

"வேணும்னா பட்டன் அழுத்தி ஏத்திக்கலாமே." இங்கதான் பெரிய ஏமாத்து. சென்சார் கணக்கே தப்பாகிட்டதால எல்லா நிலையும் சேர்ந்து கீழ போயிடும். உயர்த்துற பட்டனை அழுத்தினாலும் பழைய உயரம் கிடைக்காது. காசு குடுத்து வாங்கின வசதியை மறுபடி காசு குடுத்து வெட்டி எறியறோம். சக்கரம் உள்பக்கமா சாய்ஞ்சு டயர் உள்ஓரம் தேயறது தனிச் செலவு. முன்னும் பின்னும் ஒரே அளவுக்கு இறங்கலைன்னா ஹெட்லைட் வெளிச்சம் எங்கயோ போகும்.

"பெட்ரோல் கார்ல எல்லாரும் பண்றாங்களே." பெட்ரோல் கார்ல அடிவயிறு உரசினா சைலன்சரோ ஆயில் சம்ப்போ போகும். இங்க அடிவயிறு முழுக்க பேட்டரி. அதே இ-ட்ரான்ல பேட்டரி மட்டும் சுமார் 700 கிலோ. நம்ம அம்மா அப்பா உக்காந்திருக்கற சீட்டுக்குக் கீழதான் அது இருக்கு.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2013-ல அமெரிக்காவுல நடந்ததைக் கேளுங்க. டெஸ்லா மாடல் எஸ் ஏர் சஸ்பென்ஷன்ல ஹைவே வேகத்துல தானாத் தாழும். அந்த அக்டோபர்ல வாஷிங்டன் மாநிலத்துல ரோட்டுல கிடந்த இரும்புத் துண்டு அடில குத்தி பேட்டரி தீப்பிடிச்சது. நவம்பர்ல டென்னசில இன்னொண்ணு. ஓட்டினவங்க தப்பிச்சாங்க. அதுக்கு டெஸ்லா என்ன பண்ணுச்சு? அந்த மாசமே சாஃப்ட்வேர் அனுப்பி, ஹைவேல வண்டி அவ்வளவு தாழாம பண்ணுச்சு. 2014 மார்ச்சுல அடில டைட்டானியம் தகடும் அலுமினியத் தடுப்பும் வெச்சது. டிசைன் பண்ணினவங்களே பயந்து ஏத்தின உயரத்தை, நாலு கம்பி வெச்சு நாம இறக்கறோம்.

அது அமெரிக்க ரோடு. நம்ம ரோடு? இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லயே ஸ்பீடு பிரேக்கருக்கு அளவு சொல்லியிருக்கு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். உங்க தெருவுல அப்படி ஒண்ணு இருக்கா? வீடு கட்டின மிச்ச சிமெண்ட்டைக் கொட்டி ராத்திரியோட ராத்திரியா எழுப்பின சுவருக்குப் பேருதான் இங்க ஸ்பீடு பிரேக்கர்.

அப்படி ஒரு சுவர்லதான் பையன் மாட்டினான். கும்பகோணத்துலருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க. ஸ்டேஷன்லருந்து பின்சீட்ல அவங்க, டிக்கி நிறைய அரிசி மூட்டையும் வடாமும். டமார்னு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தான், ஒண்ணும் தெரியலை, அப்படியே எட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்துட்டான். மறுநாள் காலைல டிஸ்பிளே முழுக்க சிவப்பு. பேட்டரிப் பெட்டி நசுங்கியிருக்கு, மாத்தணும்னாங்க. எஸ்டிமேட் பையனோட ஒரு வருஷ சம்பளத்தைத் தாண்டிடுச்சு.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். முதல்ல போட்டோ எடுத்தது அந்த நாலு கம்பியைத்தான். மாத்தினதை ஏன் சொல்லலைன்னு ஒரு கேள்வி. அடிபட்ட பிறகு ஏன் ஓட்டினேன்னு இன்னொண்ணு. ரிப்பேர் பண்ணாம ஓட்டி சேதம் பெருகினா அது உங்க பொறுப்புன்னு பாலிசிலயே இருக்கு. யாரு படிக்கறோம்? காப்பீட்டுக்கு அடிப்படை முழு நன்னம்பிக்கைன்னு பி.காம்.ல மனப்பாடம் பண்ணினது எனக்கு அன்னிக்குத்தான் நேர்ல தெரிஞ்சது. கிளெய்ம் தள்ளுபடி. வாரண்டியும் கிடையாதுன்னுட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதுக்கு மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரில அதைக் கறாரா சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். "ஆர்.சி.ல கிரவுண்ட் கிளியரன்ஸே இல்லையே அங்கிள்" அப்படின்னான். வாதாடலாம்ப்பா, கோர்ட்ல. சர்வேயர்கிட்ட அந்த வாதம் எடுபடலையே.

கடைசி வாதம், "என் காசு, என் கார்." லோன் முடியற வரைக்கும் ஆர்.சி.ல ஹைப்பாதிகேஷன்னு ஒரு வரி இருக்கு, எடுத்துப் பாருங்க. வண்டி ஜாக்கி மேல நிக்குதுன்னு இ.எம்.ஐ. நிக்காது. இப்ப பையன் மாசா மாசம் கட்டறான், ஆபீசுக்கு பஸ்ல போறான். ஊர்ல இருக்கற நிலத்தை வித்துத் தரட்டுமான்னு அவங்கப்பா என்கிட்ட தனியாக் கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். அன்னிக்குத் தூக்கம் வரலை, அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

ஏற்கனவே இறக்கினவங்க இந்த ஞாயித்துக்கிழமையே பழைய கம்பியை மாட்டிடுங்க. அழகு வேணும்னா வண்டியை நிறுத்தின பிறகு கம்பெனி குடுத்த பட்டனை அழுத்தி இறக்கிக்கோங்க. பழசு வாங்கறவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்தி அந்த நாலு கம்பி ஒரிஜினலான்னு பாருங்க. பொங்கலுக்கு கோலாப்பூர், ஹுப்ளி, பெங்களூர் வழியா ஊருக்குக் கிளம்பறவங்க அடில ஏதாவது பட்டா, நிறுத்தி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் போன் பண்ணிட்டு, அவங்க சொன்ன பிறகு வண்டியை எடுங்க. பின்சீட்ல பெரியவங்க இருக்காங்க.