மாலை நேரச் சட்டக் கல்வி: தடையை நீக்கட்டும் பார் கவுன்சில்

பட்டம் பெற்று, வேலைக்குப் போய், குடும்பத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு சட்டம் படிக்க விரும்பும் ஒருவருக்கு இன்று நம் நாட்டில் நேர்மையான வழி அநேகமாக இல்லை. அவர் வேலையை விட வேண்டும். இல்லையேல் போகாத வகுப்புக்குப் போனதாகக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாவது பலருக்கு முடியாதது. இரண்டாவது, சட்டம் படிக்க வருபவர் தம் முதல் பாடமாகக் கற்கக் கூடாதது. தரத்தில் எந்தக் குறைப்பும் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டி, உழைப்பவர்களுக்கான பகுதிநேரச் சட்டப் படிப்பை இந்திய பார் கவுன்சில் அனுமதிக்க வேண்டும்.

இன்றைய விதிகளைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு பார் கவுன்சில் வகுத்தவை 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள். நாளுக்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் நடப்பதுதான் முறையான படிப்பு என்கின்றன அவை. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பகலில் வேலை பார்ப்பவர் சட்டம் படிக்கக் கூடாது என்று எங்கும் எழுதாமலேயே அந்தத் தடை நடைமுறைக்கு வந்துவிடுகிறது.

2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை இதை மேலும் இறுக்கியது. படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், தடையில்லாச் சான்று காட்ட வேண்டும், பயோமெட்ரிக் வருகைப்பதிவும் கண்காணிப்புக் கேமராவும் வேண்டும் என்றது அது. ஏமாற்றைத் தடுக்கும் நோக்கம் சரியானது. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், ஏமாற்றைத் தடுக்க முனைந்த அளவுக்கு, நேர்மையாகப் படிக்க வழி செய்ய பார் கவுன்சில் முனையவில்லை.

அந்த வழி இல்லாததன் விளைவைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். கட்டடமும் ஆசிரியரும் பெயரளவுக்கு இருக்க, பட்டம் மட்டும் தவறாமல் கிடைக்கும் ‘லெட்டர்பேட்’ கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. இங்கே வேலை, பக்கத்து மாநிலத்தில் படிப்பு. பருவத் தேர்வுக்கு மட்டும் பேருந்து ஏறுவது, போகும் வழியில் ‘கைடு’ புத்தகத்தைப் புரட்டுவது, ஆண்டு முழுவதற்குமான வருகையைப் பணம் கட்டிச் சரிசெய்வது. இப்படிப் படித்தவர்கள் எல்லோரும் குறுக்கு வழி தேடியவர்கள் அல்லர். மாலை ஏழரை மணிக்கு உண்மையான வகுப்பு ஒன்று நடந்திருந்தால் அதில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடியவர்களும் அவர்களில் உண்டு. வகுப்பு இல்லாத இடத்தில் வியாபாரம் புகுந்தது. கேமரா வைத்தால் அந்த வியாபாரம் இடம் மாறலாம். வகுப்பு வைத்தால்தான் அதற்குத் தேவையே இல்லாமல் போகும்.

இந்தத் தடை யாரைத் தடுக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை இருபத்து நான்கு வயதுக்குள் சட்டப் படிப்பை முடித்துவிடுகிறார். தடுக்கப்படுபவர், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, தங்கையின் படிப்புக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்தவர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு தமக்கென ஒரு படிப்பை நினைக்கும் பெண். நிலப் பதிவேடுகளில் இருபது ஆண்டு கரைந்த வருவாய்த் துறை ஊழியர். மருத்துவமனையின் உள்ளும் புறமும் தெரிந்த செவிலியர். பட்டா வழக்கும் மருத்துவ அலட்சிய வழக்கும் நடத்த இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

ஒரு தொழிற்சங்கப் பொறுப்பாளரை எடுத்துக்கொள்வோம். சக தொழிலாளியின் சார்பில் தொழிலாளர் நீதிமன்றத்தில் நின்று பேச நம் தொழிலாளர் சட்டமே அவருக்கு உரிமை தந்திருக்கிறது. சட்டப் பட்டம் தேவையில்லை. பணிநீக்க உத்தரவின் நகல், உள்விசாரணை அறிக்கை, சம்பளப் பட்டியல் என்று ஒரு பை நிறையக் காகிதங்களோடு, முதல் ஷிப்ட் முடிந்த கையோடு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறவர் அவர். எந்தத் தேதியில் எந்த நோட்டீஸ் வந்தது என்பதை மனப்பாடமாகச் சொல்வார். நீதிமன்றத்தில் வாதிடத் தகுதியானவர் என்று ஒரு சட்டம் நம்புகிற இந்த மனிதர், அதே சட்டத்தை முறையாகப் படிக்க வந்தால் கல்லூரியின் கால அட்டவணை அவரைத் திருப்பி அனுப்புகிறது.

படிக்க வயது வரம்பு வைக்கும் முயற்சியும் நடந்தது. மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயது வரம்பை 2016-இல் பார் கவுன்சில் மீண்டும் கொண்டுவந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கைக்குத் தடை விதித்தது. நாற்பது வயதில் சேரலாம் என்று அனுமதித்துவிட்டு, நாற்பது வயதுக்காரர் பகல் முழுவதும் சும்மா இருப்பார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், தரம் கெடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விதிப்படி மூன்றாண்டுப் படிப்பின் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 15 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம். ஆக 450 மணி நேரம். ஆறு பருவத்துக்கு 2,700 மணி நேரம். இதையே ஐந்து ஆண்டுகளில் பத்துப் பருவங்களாகப் பிரித்தால் பருவத்துக்கு 270 மணி நேரம். பருவத்தை 18 வாரமாக்கினால் வாரத்துக்கு 15 மணி நேரம் போதும். வார நாள்களில் தினமும் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை, சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. மூன்றாண்டுப் படிப்புக்கு விதிக்கப்பட்ட 12 வார நேரடிப் பயிற்சியை ஆண்டு விடுப்புகளில் பிரித்து முடிக்கலாம். மாதிரி நீதிமன்றப் பயிற்சிகளைச் சனிக்கிழமைகளில் வைக்கலாம்.

அது மட்டுமல்ல, பட்டம் பெற்ற பிறகும் அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வு செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்துவிட்டது. பகலில் படித்தவருக்கும் இரவில் படித்தவருக்கும் அதே வினாத்தாள்தான்.

வேலையில் இருந்துகொண்டே பக்கத்தில் வழக்கு நடத்துவார்கள் என்பது இரண்டாவது வாதம். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். தொழில் செய்வதற்கான தடையைப் படிப்பதற்கும் நீட்டுவதுதான் தவறு. வழக்கறிஞர்கள் ஏற்கெனவே அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியே இருந்தாலும், கூட்டத்தைக் குறைக்கத் திறமையைப் பார்த்து வடிகட்ட வேண்டுமே தவிர, பகலில் ஓய்வு இருக்கிறதா என்று பார்த்து வடிகட்டக் கூடாது.

மற்ற நாடுகள் இந்தச் சர்ச்சையை எப்போதோ கடந்துவிட்டன. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி 1870-இல் மாலை நேரக் கல்லூரியாகவே தொடங்கியது. இரவுக் கல்லூரிகள் தரத்தைக் கெடுக்கின்றன என்று அங்கும் பெரிய எதிர்ப்பு இருந்தது. ஆனால் 1921-இல் கார்னெகி அறக்கட்டளைக்காக ஆல்ஃபிரட் ரீட் எழுதிய அறிக்கை, சட்டத் தொழில் ஆட்சியோடு பிணைந்தது, அதன் வாசல் எளியவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. பகலில் காப்பீடு விற்று, இரவில் மினசோட்டாவின் செயின்ட் பால் சட்டக் கல்லூரியில் படித்த வாரன் பர்கர், 1969-இல் அந்நாட்டின் தலைமை நீதிபதியானார். இன்று அங்கே சட்டப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போனது. குற்றவியல், குடும்ப வழக்குகளுக்கு வழக்கறிஞர்கள் தேவை என்று கண்டு, வேலை அனுபவம் உள்ளவர்களை மனத்தில் வைத்தே தன் மூன்றாவது சட்டப் பள்ளியை நிறுவி, 2017-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. நமக்கும் இது புதிதல்ல. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சட்ட மையங்களில் பல ஆண்டுகள் மாலை வகுப்புகள் நடந்திருக்கின்றன.

மாற்றத்துக்கு இதுவே தக்க நேரம். வருகை குறைந்தது என்பதற்காக மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, வருகை விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்று ஆண்டு தடை விதித்தது பார் கவுன்சில். புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டாம். இருக்கிற நல்ல கல்லூரிகளின் விளக்குகள் இரவு ஒன்பது வரை எரிந்தால் போதும்.

செய்ய வேண்டியவை இவை. ஐந்தாண்டு பகுதிநேரப் படிப்பைத் தனிப் பிரிவாக விதிகளில் சேர்க்க வேண்டும். மாலை 7 மணி என்ற எல்லையைத் தளர்த்த வேண்டும். முதல் கட்டமாக அரசுச் சட்டக் கல்லூரிகளில் மட்டும் அனுமதித்து, வருகைப்பதிவைக் கண்டிப்பாக நடத்த வேண்டும். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்னையின் பழைய சட்டக் கல்லூரி 2018-இல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. நகரில் வேலை முடித்துக் கிளம்புகிறவர் அங்கே போய்த் திரும்ப முடியாது. நகருக்குள் உள்ள அரசுக் கலைக் கல்லூரி ஒன்றின் வகுப்பறைகளை மாலையில் ஒதுக்கலாம். மதுரையிலும் கோவையிலும் இதைச் செய்யலாம்.

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் கற்கும் வாய்ப்பும் அனைவருக்கும் சமமாக இருக்க வேண்டும். வேலைக்குப் போவதைத் தகுதிக் குறைவாகக் கருதும் விதியை பார் கவுன்சில் உடனே திருத்த வேண்டும்.