லாரி மேல் பழி போடாதீர்கள்

"நாம பிரிச்சுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? கடைசியில லாரியில எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க." சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்திலும் குப்பை பற்றிப் பேச்செடுத்தால் இப்படி ஒருவர் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதம், பெரிய குடியிருப்புகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொஞ்சமும் பொருந்தாது.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் வந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களையும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களையும் அவை தனியாகப் பொறுப்பாக்கின. மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும், அல்லது எரிவாயுவாக்க வேண்டும் என்றன. பேப்பர், பிளாஸ்டிக், கண்ணாடியைப் பிரித்து, அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும் என்றும் கூறின. இதற்கு ஓராண்டு அவகாசமும் தரப்பட்டது. இதைச் செய்தால் மாநகராட்சி லாரியில் ஏற்ற மிஞ்சுவது சொற்பமே. லாரியை நம்ப முடியாது என்பவர்கள்தான் முதல் ஆளாக வரவேற்றிருக்க வேண்டிய விதி இது.

உண்மையில் குப்பை கலப்பது எங்கே? கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தி முடிந்ததும் நின்று பாருங்கள். அடுத்த பந்திக்கு ஆள் காத்திருக்கிறது. மேசையில் விரித்த பேப்பர் ரோலை ஒரு முனையிலிருந்து அப்படியே சுருட்டுகிறார்கள். சாம்பார் வழியும் இலை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், பாயசக் கப், ஐஸ்கிரீம் கரண்டி எல்லாம் அதற்குள் போகின்றன. இலை தனியாகப் போயிருந்தால் உரம். பாட்டில் தனியாகப் போயிருந்தால் காயலான் கடையில் காசு. சுருட்டிய அந்த நொடியில் இரண்டும் உதவாமல் போகின்றன. லாரி இன்னும் தெருமுனைக்கே வரவில்லை!

வீடுகளிலும் இதே கதைதான். காய்கறித் தோலும் டயப்பரும் பிளேடும் ஒரே கேரி பேக்கில் முடிச்சிடப்படுகின்றன. அந்த முடிச்சைப் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. பல இடங்களில் வெறும் கை.

பிரித்துக் கொடுத்ததை லாரியில் கலக்கும் ஊழியரும் ஒப்பந்ததாரரும் உண்டு; நான் மறுக்கவில்லை. அது தவறு, தட்டிக்கேட்க வேண்டியது. ஆனால் தட்டிக்கேட்கும் உரிமை பிரித்துக் கொடுத்தவருக்கே உண்டு.

"உரக்குழி போட்டால் நாறும், எலி வரும்" என்பது அடுத்த மறுப்பு. ஈரம் மிகுந்து காற்றுப் புகாமல் போனால்தான் நாறும். காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ கலந்து, அவ்வப்போது கிளறி, மூடி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. வளாகத்தில் கூட்டிப் பெருக்கித் தீ வைக்கிறோமே, அந்தச் சருகு போதும்.

நம் வாசலில் நாறக் கூடாது என்று அனுப்பிய குப்பை எங்கே போயிற்று? பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு. காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். புகையைச் சுவாசித்தவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள்.

அந்த மக்களும் என்றைக்கும் பொறுத்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்தின் குப்பையைத் தாங்கிக்கொண்டிருந்த விளப்பில்சாலையில், 2011 டிசம்பரில் ஊராட்சியே அங்கிருந்த குப்பை ஆலையை இழுத்துப் பூட்டியது. வேறு வழியில்லாமல் நகரத்தார் வீட்டுக்கு வீடு உரத்தொட்டி வைக்கத் தொடங்கினார்கள்.

சங்க நிர்வாகிகளே, மண்டப உரிமையாளர்களே, விதி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த கூட்டத்தில் லாரியைப் பற்றிப் பேச வேண்டாம். உரத்தொட்டியை எங்கே வைப்பது, காய்ந்த குப்பையை யார் எடுப்பது, பிரிக்காத வீட்டுக்கு என்ன அபராதம் என்று தீர்மானம் போடுங்கள்.