எலியாவுக்குக் கிடைத்த அப்பம்

செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டி காலையில் பொத்தேரியில் நின்றதும் பெட்டிகள் பாதி காலியாகிவிடும். முதுகில் பையோடு இறங்கும் பிள்ளைகளில் பலர் வெளியூர், வெளிமாநிலத்தவர். பெற்றோரின் கடனையும் கனவையும் சேர்த்தே சுமப்பவர்கள். 2019-இல் இவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, விவகாரம் சிபிசிஐடி விசாரணை வரை சென்றது. சில வாரங்களில் நாம் மறந்துபோனோம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அவர்களுள் 1,416 பேர் தமிழகத்துப் பிள்ளைகள். மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்கு!

இதை விதி என்று விட்டுவிட முடியாது. பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு வீணாகாமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி செய்தது தமிழக அரசு. 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பையும் நிறுத்தியது. நாமோ நிறுத்தவில்லை. அதிக மதிப்பெண் பெற்றவருக்குத் திருப்பலி முடிவில் பொன்னாடை போர்த்துகிறோம். தவறிய பிள்ளை அன்று எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றது என்று பார்த்தோமா?

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநலப் பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று மறைக்கல்வி ஏடு கூறுகிறது; இறந்தோருக்காக மன்றாடவும் சொல்கிறது. ஆனால் "அது பாவம்" என்பதோடு நம் மறைக்கல்வி வகுப்பு முடிந்துவிடுகிறது. அதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த எண்ணம் வரும் இரவில் யாரிடம் வாய் திறக்கும்?

சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் கேட்டார் எலியா. வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார். எலியா மீண்டும் படுத்துறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பி, பயணம் நீண்டது, சாப்பிடு என்றார். அவ்வளவுதான்!

உறக்கமும் உணவும் குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கும் பிள்ளையிடம் "சாக வேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். ஆம் என்றால் தனியே விடாமல் உடனிருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். செபம் மட்டும் போதும் என்று நாம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. நம் பள்ளிகளில் அவர் இருக்கிறாரா என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். டெலி மானஸ் 14416, அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம். வரும் ஞாயிறு முதல் அவற்றை நம் ஆலய அறிவிப்புப் பலகையில், திருப்பலி நேரங்களுக்கு மேலேயே எழுதி வைப்போம்.