தானமாக வந்த மாடு அல்ல

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதா என்ன?" லண்டன் தமிழர் வீடுகளில் இந்தப் பழமொழிக்குப் புது வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. குழாய் வெடித்து வீட்டு நிலம் ஊறிப்போகிறது. காப்புறுதி நிறுவனம் ஆள் அனுப்பி, பழைய நிலத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறது. கொஞ்ச நாளில் பலகை மூட்டுகள் வாய் திறக்கின்றன, கதவு நிலத்தில் உரசுகிறது, ஒரு மூலையில் கால் வைத்தால் அமுங்குகிறது. வீட்டுக்காரர் வாய் திறந்து ஏதாவது சொல்வதற்குள் யாராவது ஒரு பெரியவர் அந்த மாட்டைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டிவிடுவார். "அவங்கள் சும்மா செய்து தந்திருக்கிறாங்கள். இதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?"

எது சும்மா? இங்கே வீட்டுக்கடன் தரும் வங்கி, கட்டடக் காப்புறுதி இல்லாமல் பணத்தை வெளியே விடாது. வீடு வாங்கிய நாளிலிருந்தே மாதாமாதம் கட்டுப்பணம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கிளெய்ம் கூடப் போடாமல் பத்துப் பதினைந்து வருடம் கட்டியவர்கள் நம்மிடையே ஏராளம். தண்ணீர் ஒழுகினால் முதல் தொகையை 'எக்ஸஸ்' என்று நம் கையிலிருந்துதான் கொடுக்கிறோம். போட்ட கிளெய்ம், காப்புறுதிக்காரர்கள் தமக்குள் பகிர்ந்து வைத்திருக்கும் தரவுத்தளத்தில் பதிவாகிறது; அடுத்த வருடம் கட்டுப்பணம் ஏறவும் கூடும். முன்னும் கட்டி, நடுவிலும் கட்டி, பின்னும் கட்டுகிற ஒன்றுக்குத் தானம் என்று பெயர் வைத்தவர் யாரோ, காப்புறுதி நிறுவனங்கள் அவருக்குச் சிலை வைக்கலாம்.

ஆளை அனுப்பும்படி நாம் கெஞ்சவும் இல்லை. சேதத்தைத் திருத்துவதா, புதிதாக மாற்றுவதா, காசாகக் கொடுப்பதா என்பதை நிறுவனமே தீர்மானிக்கும் என்று பிரித்தானியாவின் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் பெரும்பாலும் எழுதியிருக்கும். நிறுவனம் திருத்திக் கொடுப்பதையே விரும்புவதற்குக் காரணம் உண்டு. வருடம் முழுவதும் வேலை தருகிறேன், விலையைக் குறைத்துக்கொள் என்று ஒப்பந்தகாரர்களோடு அது ஏற்கனவே பேசி வைத்திருக்கிறது. நீங்களோ நானோ தனியாக ஒருவரைக் கூப்பிட்டால் கேட்கும் விலைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கும். அது வியாபாரம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலாபம் கருதி அந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர், வேலை பிழைத்த பிறகு "அது கொன்ட்ராக்டரின் பிழை, அவரோடு பேசுங்கள்" என்று கையைக் கழுவுவதை நம்மவர்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

ஆங்கிலேய நீதிமன்றம் இதை 1859இலேயே பேசி முடித்துவிட்டது. பிரவுன் எதிர் றோயல் காப்புறுதி நிறுவனம் என்பது வழக்கின் பெயர். கட்டடத்தில் தீப்பிடித்தது. பணம் கொடுக்காமல் தாமே திருத்திக் கட்டித் தருவதாக நிறுவனம் தெரிவு செய்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது, கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று சொல்லி உரிய அதிகாரிகள் அதை இடிப்பித்துவிட்டார்கள். இனி எங்களால் ஆகாது என்றது நிறுவனம். நீதிமன்றம் ஒப்பவில்லை. கட்டித் தருகிறேன் என்று நீ தெரிவு செய்தாய், அந்தத் தெரிவுக்கு நீயே கட்டுப்பட்டவன், செய்ய முடியாவிட்டால் நட்டத்தைக் கொடு என்றது. திருத்தித் தர ஒப்புக்கொண்ட காப்புறுதிக்காரர், அந்தக் கணத்திலிருந்து கட்டட வேலைக்குப் பொறுப்பெடுத்தவர் ஆகிறார். விக்டோரியா மகாராணி காலத்து நீதிபதிகளுக்கு விளங்கியது இன்றைய கோல் சென்டருக்கு விளங்கவில்லை என்றால், விளங்காமல் இருப்பதில் யாருக்கோ நன்மை இருக்கிறது.

ஹாரோவில் ஒரு வீடு. நண்பரின் அக்கா வீடு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் கசிந்து குசினி நிலம் முழுக்க ஊறிப்போனது. நிறுவனம் முதலில் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தது. பிறகு இரண்டு பேர் வந்து ஒரே நாளில் லமினேட் பலகை போட்டு, சுவரோரத்தில் ஒல்லியான மரச்சட்டத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். பார்வைக்கு வடிவாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து நடுக் குசினியில் ஒரு முகடு எழும்பியது. அதன்மேல் நடந்தால் பலகை கீழே இறங்கி மறுபடி மேலே வரும். கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டால், வீடு இருந்து படிகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். கடைசியில் தெரிந்த தச்சுவேலைத் தம்பி ஒருவர் வந்து, சுவரோரச் சட்டத்தில் ஒரு துண்டை மெதுவாகக் கழற்றினார். பலகை சுவரோடு இறுக முட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியைத் தூக்கியதும் கீழிருந்த மெத்தைத் தாள் நனைந்த நாய்போல மணத்தது. கொங்கிறீட் இன்னமும் கறுத்தே கிடந்தது.

"அக்கா, இது காயாத நிலத்தில போட்டிருக்கு. ஓரத்தில ஒரு விரல் இடம் விடேல்ல. பலகை ஊதினா எங்க போறது? மேலதான் வரும்."

அந்தத் தம்பி சொன்ன இரண்டு குறையும் தொழிலின் அரிச்சுவடி. லமினேட் பலகை ஈரத்துக்கும் சூட்டுக்கும் விரியும், சுருங்கும். அதற்காகச் சுவரோரம் சுற்றிவர எட்டுப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியை மறைப்பதுதான் சுவரோரச் சட்டத்தின் வேலை. இடைவெளி விடாததை மறைப்பது அல்ல. ஈரக் கணக்கு இன்னும் பொறுமை கேட்பது. புதிதாகப் போட்ட சீமெந்துத் தளம் நல்ல காற்றோட்டத்தில், முதல் 50 மில்லிமீட்டர் வரைக்கும் மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும், அதற்கு மேல் தடிப்பு என்றால் இன்னும் மெதுவாக. வைனைல் போன்ற விரிப்பைப் போடுமுன் தளத்தின் ஈரப்பதன் அளவீடு 75 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பது பிரித்தானியத் தரநிர்ணயம். மேலே தடவிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்வது அளவீடு ஆகாது. சமதளத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாதாரணத் தரத்துத் தளத்தில் இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்தால், அடியில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரியக்கூடாது. ஆகவே "எனக்கென்னவோ சரியாகப் படேல்ல" என்று தயங்கித் தயங்கிப் பேச வேண்டியதில்லை. ஒரு மட்டப்பலகையும் ஒரு ரூலரும் கைபேசிக் கமராவும் போதும்.

வேலைக்கு வந்தவர்கள் இதெல்லாம் தெரியாதவர்களா? தெரியும். நிறுவனம் கிளெய்மை ஒரு நிர்வாகக் கம்பனியிடம் கொடுக்கும். அது கொன்ட்ராக்டரிடம் கொடுக்கும். அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பணம் கழன்று, முழங்காலில் நின்று பலகை அடிக்கிறவருக்கு வந்து சேரும்போது, ஒரு நாளில் முடித்தால்தான் கூலி கட்டும் என்ற நிலை. தளம் காயட்டும் என்று மூன்று வாரம் காத்திருக்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவரைத் தேடிப்பிடித்துச் சண்டை போடுவதும் வீண், ஏனென்றால் அவரோடு நமக்கு ஒப்பந்தமே கிடையாது. நாம் கையெழுத்திட்டதும் காசு கட்டியதும் காப்புறுதி நிறுவனத்தோடு. முறைப்பாடு போகவேண்டிய முகவரியும் அதுதான்.

இடையில் சேதத்தை மதிப்பிட வருகிற லொஸ் அட்ஜஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட் போட்டு, அமைதியாகப் பேசி, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் இவரை நம்மவர்கள் நீதவான் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். தேத்தண்ணி கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவரை நியமித்ததும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் நிறுவனம் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது கையெழுத்துப் பயம். வேலை முடிந்த அன்று வாசலில் நின்றபடி ஒரு டப்லெட்டை நீட்டுவார்கள். திருப்தி என்று விரலால் ஒரு கீறல். ஹாரோ அக்காவும் கீறித்தான் இருந்தார், குசினிக்குள் போய்ப் பார்க்குமுன்பே. "சைன் பண்ணிப் போட்டன், இனி என்ன செய்யலாம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நிறையவே செய்யலாம். பலகைக்கு அடியில் ஈரம் இருப்பதை வீட்டுக்காரர் கண்ணால் காண முடியாது. காண முடியாத குறையை ஒருவர் கையெழுத்தால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்வது நியாயமல்ல. அந்தக் கீறல் ஒரு சான்று, அவ்வளவுதான். பின்னால் வந்த முகடும் ஈர அளவீடும் அதைவிடப் பெரிய சான்றுகள். ஆனால் இனிக் கையெழுத்திடப் போகிறவர்கள் நிலத்தில் நடந்து பார்த்து, கதவைத் திறந்து மூடி, டைல்ஸ் என்றால் நாணயத்தால் தட்டி வெற்றுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. அவசரப்படுத்தினால், பார்த்துவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முறைப்பாடு செய்தால் அடுத்த வருடம் காப்புறுதி தரமாட்டார்கள் என்ற புரளியும் உலவுகிறது. கட்டுப்பணத்தை ஏற்றக்கூடியது கிளெய்ம். அது ஏற்கனவே பதிவாகிவிட்டது. கெட்ட வேலையைச் சகித்துக்கொள்வதால் அந்தப் பதிவு அழியப்போவதில்லை. இதைவிட மோசமானது, கசப்பை விழுங்கிக்கொண்டு சொந்தக் காசில் இன்னொரு ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் பெயர்த்துப் போடுவது. பெயர்த்த அன்றே சான்று குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது. பிறகு நிறுவனத்திடம் போனால், எங்களுக்குத் திருத்தச் சந்தர்ப்பம் தரவில்லையே என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும்.

நிறுவனங்களின் பக்கம் நியாயம் இருக்கும் இடங்கள் வேறும் உண்டு. பழைய விக்டோரிய வீடுகளில் பலகை நிலத்துக்கு அடியில் காற்றுப் போக வெளிச்சுவரில் துளைக் கற்கள் வைத்திருப்பார்கள். தோட்டத்துக்குச் சீமெந்து போடும் உற்சாகத்தில் அவற்றை அடைத்துவிட்டு, வருடக்கணக்கில் உக்கிய மரச்சட்டங்களை நேற்று ஒழுகிய குழாயின் தலையில் கட்டப் பார்த்தால் அது எடுபடாது. காப்புறுதி திடீர் சேதத்துக்கு. பராமரிக்காமல் விட்ட வீட்டுக்கு அல்ல. நாமே நம் ஆளைத் தெரிவு செய்து, நிறுவனம் காசை மட்டும் கொடுத்திருந்தால், வேலையின் தரத்துக்கு அந்த ஆள்தான் பதில் சொல்லவேண்டும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அங்கேதான் கைகொடுக்கும். ஆனால் உக்கிய மரச்சட்டத்தை நிறுவனத்தின் ஆள் கண்ணால் கண்டும் அதன்மேலேயே புதுப் பலகையை அடித்துவிட்டுப் போயிருந்தால், கதை வேறு.

நிறுவனம் மசியாவிட்டால் நிதிச் சேவைகள் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்த அமைப்புக்குப் போக வீட்டுக்காரருக்கு ஒரு சதமும் செலவில்லை. அதன் நிலைப்பாடு தெளிவானது. நிறுவனம் தன் ஆட்களை அனுப்பித் திருத்தினால், அந்த வேலை பயன்படுவதாகவும் நீடித்து நிற்பதாகவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சரிசெய்வது நிறுவனத்தின் கடமை. அந்த ஆட்களில் நம்பிக்கை போய்விட்டது என்பதற்குப் போதிய காரணம் இருந்தால், காசாகக் கொடு என்று சொல்வதும் உண்டு. அதுவும் நிறுவனத்தின் மலிவு விலையில் அல்ல, வீட்டுக்காரருக்கு வெளியில் ஆகிற விலையில். வீட்டுக்காரர் தீர்ப்பை ஏற்றால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். இறுதித் தீர்ப்புகள் 2013இலிருந்து பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. எந்த நிறுவனம் என்ற பெயர் இருக்கும், வீட்டுக்காரரின் பெயர் இருக்காது. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஹாரோ அக்காவின் நிறுவனம் முதலில் கொன்ட்ராக்டரைத்தான் கை காட்டியது. படங்களும் தனிச் சேர்வேயர் ஒருவரின் ஈர அளவீட்டு அறிக்கையும் போன பிறகு, ஒம்புட்ஸ்மன் வரை போகாமலே காசாகத் தீர்த்தது. சேர்வேயரின் கூலியையும் அக்கா வீட்டார் கேட்டு வாங்கினார்கள்.

ஆகவே, தொலைபேசியில் அழுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் அனுப்புங்கள். கொன்ட்ராக்டருக்கு அல்ல, காப்புறுதி நிறுவனத்துக்கு. இது முறைப்பாடு என்று முதல் வரியிலேயே எழுதி, திகதி போட்டு, படங்களை இணையுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம் உண்டு. பதில் வராவிட்டால் அதன் பிறகும், வந்தும் சரியில்லாவிட்டால் அவர்கள் அதை அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஆறு மாதம் கடந்துவிட்டால், வேலை எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அந்தக் கதவு பெரும்பாலும் மூடியதுதான்.